மேல் இலையில் ஒரு ஒட்டு

"அண்ணி, இது சுருட்டா, இல்ல சர்க்கரைப் பாகுல முக்கி எடுத்த விறகா?"

முதலாளியின் அறைக் கதவு சாத்திக்கொண்டதும் கொழுந்தன் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். உள்ளே முதலாளி தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, "புது ரகம், அடுத்த வாரம் கப்பல் ஏறப்போகுது" என்று பெருமையாக நீட்டிய சுருட்டு அவன் கையில் இருந்தது. பற்ற வைக்கத் துணிச்சல் வராமல் வெறுமனே வாயில் வைத்துப் பார்த்திருந்தான்.

"போன இடத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் அண்ணி, நடையை நிறுத்தாமல்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேன், அதனாலதான் இனிப்புன்னே தெரிஞ்சுது."

"தூக்கிப் போடுங்க."

"ஓசில வந்ததைத் தூக்கிப் போடற குடும்பத்துலயா நீங்க வாழ்க்கைப்பட்டீங்க?" என்று சொல்லிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

வெளியுலகத்துக்கு அண்ணி ஒரு துப்பறிவாளர். கொழுந்தனுக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி. எந்த வேலையிலும் ஒரு வருஷம் ஒட்டாதவனை, 'வீட்டில் இருந்து என் உயிரை வாங்குவதற்கு ஆபீஸில் இருந்து வாங்கட்டும்' என்று உதவியாளனாக வைத்துக்கொண்டவள். அவனும் குறை வைக்கவில்லை. ஆபீஸ், வீடு இரண்டிலும் வாங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணியின் கைப்பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"புகையிலை விஷத்துக்கு என்னென்ன பண்ணணுமோ அத்தனையும் பண்ணியாச்சும்மா. ஆள் இன்னும் இறங்கிக்கிட்டேதான் போறாரு. எனக்கு என்னமோ வேற ஏதோ உள்ள போயிருக்குன்னு தோணுது. அது என்னன்னு தெரிஞ்சா காப்பாத்திடலாம். தெரியாம எதையாவது குடுத்தேன்னா நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

"எவ்வளவு நேரம் தாங்குவாரு?"

"பொழுது சாயறதுக்குள்ள சொல்லுங்க. அதுக்கப்பறம் சொன்னா எனக்குப் பிரயோஜனம் இல்ல."

கொழுந்தனுக்கு அதுவரை இருந்த உற்சாகம் சட்டென்று வடிந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தான். வெயில் எதிர்ச்சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கிடப்பவரை இந்தச் சுருட்டுக் கம்பெனியில் எல்லோரும் 'பெரிய நாக்கு' என்றுதான் சொல்வார்கள். ஒரு சுருட்டு இங்கே பெட்டிக்குள் போக வேண்டுமானால் அவர் நாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அது குப்பை, அவ்வளவுதான். காலையில் ஒரு சுருட்டை மதிப்பிட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு சரிந்துவிட்டார். போலீஸ் வந்து, அவர் குடித்து மிச்சம் வைத்த துண்டைச் சோதித்தது. உள்ளே காய்ச்சி இறுக்கிய புகையிலைச் சாறு, ஒரு குதிரையைச் சாய்க்கும் அளவுக்கு.

அந்தச் சுருட்டைச் சுற்றியது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மகள். போன வாரம் பட்டறையில் எல்லோர் முன்னாலும் மகள் சுற்றிய சுருட்டை இரண்டாக உடைத்து எறிந்து, "இது சுருட்டு இல்ல, கட்டை" என்றிருக்கிறார். அவளும், "உங்க நாக்குல இடி விழ" என்று கத்தியிருக்கிறாள். கேட்ட காதுகள் எத்தனையோ. அவளைப் பட்டறைக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்துக் காவலுக்கு ஒரு பெண் போலீஸையும் போட்டிருந்தார் இன்ஸ்பெக்டர்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான்" என்றார் இன்ஸ்பெக்டர், சுவை அறைக் கதவைத் திறந்துவிட்டபடி. "உங்களை யார் கூப்பிட்டதுன்னுதான் எனக்குப் புரியல."

"நான்தான் கூப்பிட்டேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மெலிந்த இளைஞன். கண் சிவந்திருந்தது. முதலாளியின் ஒரே மகன். தொழிலைக் கற்றுக்கொள்ளப் பெரிய நாக்கிடம் சேர்ந்து, இப்போது அவருக்கு அடுத்த மதிப்பீட்டாளர். கம்பெனியில் பேர், 'சின்ன நாக்கு'. பெரியவர் எழுந்து வராவிட்டால் நாளைக்கே அந்தப் பெரிய நாற்காலி இவனுக்கு. கொழுந்தன் அந்தக் கணக்கை உடனே போட்டுவிட்டான். இன்ஸ்பெக்டரும் போட்டிருப்பார் என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது.

"அவ அப்படிப் பண்ற பொண்ணு இல்ல, மேடம்" என்றான் சின்ன நாக்கு. "நீங்கதான் எப்படியாவது..."

"அழுகை அப்பறம். முதல்ல எனக்கு வேலையைச் சொல்லுங்க. காலைல இங்க என்ன நடந்தது?"

வெள்ளைச் சுவர். நீளமான மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். நாற்காலிக்கு ஒன்றாகக் கனத்த கண்ணாடிச் சாம்பல் தட்டு. தண்ணீர்க் கூஜா, உப்பில்லாத ரொட்டி. ஒரு சுருட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. பூ கிடையாது, சென்ட் கிடையாது, லைட்டர் கிடையாது. மதிப்பீடு நடக்கும்போது முதலாளிக்கே இங்கே இடம் கிடையாதாம். விற்கிறவன் முகத்தைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்று பெரியவர் போட்ட சட்டம்.

"முதல்ல விரலால அமுக்கிப் பாப்பாரு" என்றான் சின்ன நாக்கு. "ஒரு இடத்துல கெட்டி, ஒரு இடத்துல தொளதொளன்னு இருந்தா அங்கயே தள்ளிடுவாரு. அப்பறம் மோந்து பாப்பாரு. தலைப்பக்கம் வெட்டி, பத்த வைக்காமலே ஒரு இழுப்பு இழுப்பாரு. அதுலயே பாதி தெரிஞ்சுடும். காத்து லேசா கசிஞ்சாலும் கண்டுபிடிச்சுருவாரு. அப்பறம்தான் நெருப்பு. சுருட்டை மனசுக்குள்ளயே மூணாப் பிரிச்சு, ஒவ்வொரு பாகத்துலயும் ருசி எப்படி மாறுதுன்னு பாப்பாரு. இன்னிக்கு எதிர்ல நானும் ஒண்ணு பத்த வெச்சிருந்தேன். அவரு மூணாவது பாகத்துல இருந்தாரு. திடீர்னு வேர்த்துது. 'டேய், ஜன்னலைத் திற'ன்னாரு. திறந்துட்டுத் திரும்பறேன், ஆள் கீழ கிடக்கறாரு."

"அப்பறம்?"

"நானும் டிரைவரும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினோம். அப்பாதான் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவைப் பூட்டினாராம்."

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறையிலிருந்து துண்டை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

"ஓட்டை எதுவும் இல்லம்மா. நான் பார்த்துட்டேன். வெளியிலேர்ந்து யாரும் ஊசி போடல. சுத்தும்போதே உள்ள வெச்சதுதான். சுத்தினது மகள்."

"சார், உங்க கண்ணுல ஓட்டை படலன்னு சொல்லுங்க" என்றான் கொழுந்தன். கையுறை போட்ட விரலால் துண்டை மெல்ல வருடிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "அண்ணி, இங்க எதோ தட்டுது. ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி."

அண்ணி கண்ணாடியை அங்கே கொண்டுபோனாள். தலைப்பக்கம், விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு இலைத் துணுக்கு. ஓரமே தெரியாமல் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

"ஒட்டுதான்" என்றான் சின்ன நாக்கு, குனிந்து பார்த்துவிட்டு. "மேல் இலை கிழிஞ்சா இப்படிப் பிசின் தடவி ஒட்டுவோம். இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் கை தானாவே செய்யும். ஆனா ஒட்டுப் போட்ட சுருட்டைப் பெரியவர் தொடவே மாட்டாரு, மேடம். பார்த்த உடனே தூக்கி எறிவாரு."

"அப்ப அவர் பார்க்கும்போது இது இல்ல" என்றாள் அண்ணி. "சுத்தியும் பாருங்க, இன்ஸ்பெக்டர். புகை குடிச்ச இலை எல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கு. இந்த ஒட்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. இது ஒரு இழுப்புப் புகை கூடப் பார்க்கல."

அண்ணி ஊசி முனையால் துணுக்கை நெம்பினாள். அடியில் ஒரு ஊசித் துளை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அவர் விழுந்தப்பறம் யாரோ சாறை ஏத்தி, துளையை ஒட்டி மறைச்சிருக்காங்க. அப்பத்தான் சுத்தும்போதே உள்ள இருந்த மாதிரி தெரியும், பழி சுத்தினவ மேல போகும்."

"கல்யாணம் முடிஞ்சப்பறம் பத்திரிகை அடிச்சிருக்காங்க" என்றான் கொழுந்தன். "ஆனா அண்ணி, சுருட்டுல ஒண்ணும் இல்லன்னா மனுஷன் எதுல விழுந்தாரு? தண்ணி, ரொட்டி?"

"ரெண்டையும் நானும்தான் சாப்பிட்டேன்" என்றான் சின்ன நாக்கு.

சுருட்டில் இல்லை என்று தெரிந்ததில் மகளுக்கு விடிவு. அப்பனுக்கு இன்னும் இல்லை. டாக்டர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. கொழுந்தனுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. பயம் வந்தால் எதையாவது எண்ணுவது அவன் பழக்கம்.

"ரெண்டு நாற்காலி, ரெண்டு தட்டு, ரெண்டு சுருட்டு, ஒரு குச்சி..." என்றவன் நிறுத்தினான். "ஏன் ஒரு குச்சி? லைட்டர் கிடையாதுன்னீங்க. பெரியவர் என்ன, முறைச்சுப் பார்த்தே பத்த வெச்சாரா?"

அண்ணி சடாரென்று திரும்பினாள்.

சின்ன நாக்கின் தட்டில் பாதி எரிந்த ஒரு மரக்குச்சி கிடந்தது. பென்சில் நீளத்துக்குச் சீவிய தேவதாருக் குச்சி. லைட்டரின் வாடை சுருட்டில் ஏறிவிடும் என்பதால் இங்கே அதில்தான் பற்ற வைப்பார்களாம். பெரியவர் தட்டில் சாம்பல் இருந்தது, குச்சி இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை.

அண்ணி அந்த ஒற்றைக் குச்சியை எடுத்துப் பார்த்தாள். எரியாத முனை நார் நாராகக் கிழிந்திருந்தது.

"இது என்ன, கடிச்சிருக்கீங்க?"

சின்ன நாக்கு கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "பெரியவர்கிட்டேர்ந்து தொத்திக்கிச்சு, மேடம். பத்த வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்ததும் மிச்சக் குச்சியைக் கடவாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பாரு. அவர் பண்றது ஊருக்கே தெரியும். பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துடுச்சு. வெளிய சொல்லிடாதீங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா, முதலாளி மகன் குச்சி மெல்லறானான்னு மானம் போகத் திட்டுவாரு."

"பெரியவரோட குச்சிப் பெட்டி எங்க?"

சின்ன நாக்கின் கை தன் பைக்குப் போனது. இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. நசுங்கிப்போன பித்தளைப் பெட்டி ஒன்று வெளியே வந்தது.

"கண் முழிச்சதும் முதல்ல இதைத்தான் கேப்பாரு. அதான் தூக்கிட்டுப் போகும்போதே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"காலைலேர்ந்து இது உங்க பையிலயா இருக்கு?" அண்ணியின் குரல் மாறியிருந்தது. "இதுலேர்ந்து ஒரு குச்சியாவது எடுத்து வாயில வெச்சீங்களா?"

"ஐயையோ, அவர் பெட்டியை நான் தொடுவேனா? எனக்குன்னு தனிப் பெட்டி இருக்கு."

அண்ணி பெருமூச்சு விட்டாள். பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியின் அடி நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு மினுமினுப்பு.

"அண்ணி, எனக்கு ஒண்ணு இடிக்குது" என்றான் கொழுந்தன். "அந்த மனுஷன் நாக்கு தராசு மாதிரி. குச்சியில ஏதாவது தடவியிருந்தா தெரிஞ்சிருக்காதா?"

"சுருட்டுல ஒரு துளி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். சுருட்டை ருசி பார்க்கற மனுஷன் குச்சியை ருசி பார்க்கறதில்ல, தம்பி. தேவதாரு எப்படியும் கசக்கும். நாக்கு முழுக்கப் புகை மேல இருக்கும்போது கடவாய்ப் பல்லை யார் கவனிக்கப் போறாங்க? ஆரம்பத்துல மென்னது மூணாவது பாகத்துல வேலையைக் காட்டிடுச்சு."

"உடனே லேபுக்கு அனுப்பறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பதில் எப்ப வரும்?"

"புகையிலைச் சாறு மாதிரி இல்ல, இது என்னன்னே தெரியாதே. நாளைக்கு ஆகும்."

"அவருக்கு நாளைக்கு இல்ல, சார்" என்றாள் அண்ணி. குச்சிகளை மட்டும் ஒரு உறையில் கொட்டி அவரிடம் கொடுத்தாள். வெறும் பெட்டியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் வேலை நின்றிருந்தது. மேசைகளில் பாதி சுற்றிய சுருட்டுகள் ஈரத்துணிக்கு அடியில் கிடந்தன. பக்கத்து அறையில் மகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கை இரண்டையும் மடியில் கோத்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இன்னும் இருக்காரு" என்றாள் அண்ணி. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. "எங்களுக்கு ஒரு உதவி வேணும். இதைப் பாருங்க."

மகள் துண்டை வாங்கவில்லை. அதன் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவர் குடிச்சதா?"

"ஆமா."

"இவ்வளவு தூரமா?" அவள் குரல் உடைந்தது. "பிடிக்கலன்னா முதல் பாகத்துலயே வெச்சிடுவாரு. சுமார்னா ரெண்டாவதுல. மூணாவது பாகத்துக்கு எங்கப்பா வந்து வருஷக்கணக்காச்சு." அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க, என்ன பார்க்கணும்?" என்றாள்.

அண்ணி கிடுக்கியில் அந்த ஒட்டை நீட்டினாள். மகள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது. விரலை ஈரமாக்கி லேசாகத் தொட்டு, விரலோடு விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள்.

"இது என் இலை இல்ல. மோந்தாலே இனிப்பு அடிக்குது. கை பிசுபிசுன்னு ஒட்டுது. மட்டமான இலையோட காரத்தை மறைக்கறதுக்குப் பாகுல முக்குவாங்க. இந்த மாதிரி சரக்கை என் பேர்ல வெளிய விட மாட்டேன்னு அப்பா ரெண்டு மாசமா மறிச்சுக்கிட்டு நிக்கறாரு. எங்க பட்டறைல இது கிடையாது."

கொழுந்தனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வராந்தாவுக்கு வந்ததும்தான் அந்தச் சுருட்டை வெளியே எடுத்தான். முதலாளி மரியாதைக்குக் கொடுத்த சுருட்டு. அதே மினுமினுப்பு, அதே பிசுபிசுப்பு.

"அண்ணி! முதலாளி!"

"ஊரைக் கூட்டாதீங்க."

"அவசரத்துல ஒட்டறதுக்கு இலை வேணும்னா, கோட்டுப் பைல இருக்கற சுருட்டைத்தானே கிள்ளுவாரு! கதவைப் பூட்டினதும் அவரு, பெரியவர் மென்ன குச்சியை எடுத்து ஒளிச்சதும் அவராத்தான் இருக்கும். வாங்க, இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி இப்பவே..."

"பிடிச்சுட்டா? வாயை இறுக்கி மூடிக்குவாரு. வக்கீல் வருவாரு. நாளைக்கு மறுநாள் பேசுவாரு. அதுவரைக்கும் ஆஸ்பத்திரில இருக்கறவர் காத்துக்கிட்டு இருப்பாரா?" அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சுவரின் உச்சிக்குப் போயிருந்தது. "யாருங்கறது எனக்கு இப்பப் பெரிசில்ல. என்னங்கறதுதான் பெரிசு. அது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். கேட்டா சொல்ல மாட்டாரு. சொல்லாம இருக்க முடியாத மாதிரி கேக்கணும்."

"எப்படி?"

"அந்தப் பையனோட பெட்டியை எனக்குக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க" என்றாள் அண்ணி. "எதுக்குன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."

முதலாளி சிரித்த முகமாகத்தான் வந்தார். சுவை அறை வாசலில் செருப்பைக் கழற்றுவது போலத் தயங்கினார்.

"எனக்கு இங்க அனுமதி இல்லையேம்மா."

"இன்னிக்கு மட்டும் வாங்க" என்றாள் அண்ணி. "பெரியவர் குடிச்ச அதே கட்டுலேர்ந்து ஒரு சுருட்டை உங்க மகன் மதிப்பிடப் போறாரு. மத்த சுருட்டுல பழுதில்லன்னு தெரிஞ்சா உங்க கம்பெனி பேராவது தப்பிக்கும்."

"நியாயம்தான்" என்று சொல்லிப் பெரிய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்றார். மகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தாள் அண்ணி. பெண் போலீஸோடு அவள் வாசலில் நின்றாள். அண்ணியின் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

சின்ன நாக்கு சுருட்டை எடுத்தான். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் அடியிலிருந்து நுனிவரை அமுக்கிக்கொண்டே போனான். "சீரா இருக்கு. எங்கயும் முடிச்சு இல்ல." முகர்ந்தான். "வைக்கோல், கொஞ்சம் கொக்கோ." தலையை வெட்டி வெறும் காற்றை இழுத்தான். "இழுப்பு சுலபமா வருது. கசிவு இல்ல."

"பெரியவரோட குச்சியாலயே பத்த வைங்க" என்று அண்ணி பித்தளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதலாளியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. கண் மட்டும் பெட்டியைவிட்டு நகரவில்லை.

"அது... அது எங்க இருந்துச்சு?" என்றார். பிறகு அவசரமாக, "என்கிட்ட லைட்டர் இருக்கே."

"இந்த ரூம்லயா? பெரியவர் கேட்டா எந்திரிச்சு வந்து அடிப்பாருப்பா" என்றான் மகன்.

பழைய குச்சிகள் இன்ஸ்பெக்டரிடம் போனதை நேரில் பார்த்திருந்தவன் தயங்காமல் ஒன்றை எடுத்தான். குச்சி எரிந்தது. சுருட்டைச் சுடரில் படாமல் மெல்லச் சுழற்றி வாட்டினான். நுனி வட்டமாகச் சிவந்தது. குச்சியை ஊதி அணைத்துத் தட்டில் வைத்தான். முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு திரும்பி வந்தது போலிருந்தது.

கொழுந்தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குச்சி தட்டில் கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டு இவன் கடிக்காமலே இருந்துவிட்டால்?

"முதல்ல மரம்" என்றான் சின்ன நாக்கு, புகையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு. "பின்னாலயே மிளகு. காரம் நாக்குல நிக்கல, மூக்குப் பக்கம் போகுது." இன்னொரு இழுப்பு. "வறுத்த கடலை வாசனை... சாம்பல் வெள்ளையா, கெட்டியா நிக்குது. நல்லாச் சுத்தியிருக்கா. ரொம்ப நல்லா."

ருசியில் மூழ்கியிருந்தவனின் இடது கை மேசையில் துழாவியது. தட்டைத் தொட்டது. குச்சியை எடுத்தது. கண்ணைத் திறக்காமலே அதன் அடி நுனியைக் கடவாயில் வைத்துக் கடித்தான்.

"துப்புடா!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முதலாளி மேசையைத் தாண்டிப் பாய்ந்து மகனின் வாயிலிருந்து குச்சியைத் தட்டிவிட்டார். "துப்பு! முழுங்காத! யார்றா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? தண்ணி, தண்ணி குடுங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

"கூப்பிட்டா டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?" என்றாள் அண்ணி. அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

முதலாளி அவளைப் பார்த்தார். கதவோரம் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. பிறகு மகனைப் பார்த்தார். அவன் உதட்டில் ஒரு மரத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் அப்பாவைத் திருதிருவென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லுய்யா, சொல்லித் தொலை என்று கொழுந்தன் உள்ளுக்குள் கத்தினான்.

"கிடங்குல... வண்டுக்கு அடிக்கிற மருந்து" என்றார் முதலாளி. "நீல டப்பா." மருந்தின் பேரைச் சொன்னார். யாரும் கேட்காமலே எழுத்துக் கூட்டி இன்னொரு தடவையும் சொன்னார். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, அவனுக்கு உடம்பு தாங்காது!"

"சொல்ல வேண்டாம்" என்று அண்ணி போனைத் திருப்பிவைத்தாள். "டாக்டர் லைன்லதான் இருக்காரு."

"கேட்டுச்சு" என்றது போன். "மாத்து மருந்து கைவசம் இருக்கு. இப்பவே ஏத்தறேன். நேரத்துக்குத்தான் சொல்லியிருக்கீங்க, பிழைச்சுக்குவாரு." தொடர்பு அறுந்தது.

வாசலில் நின்ற மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன்?" முதலாளி அண்ணியின் கையைப் பிடிக்க வந்தார். "இவனுக்கு என்ன வழி? இவனும் கடிச்சுட்டானே!"

"இவருக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பெட்டில இப்ப இருக்கறது இவரோட சொந்தக் குச்சி. நான்தான் பெட்டியைக் கழுவித் துடைச்சு மாத்தி வெச்சேன்."

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விலங்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்த இன்ஸ்பெக்டரை அவர் கவனிக்கவே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். அது பயத்தில் வந்த அழுகை இல்லை.

"எல்லாம் உனக்காகத்தான்டா" என்றார் மகனிடம். "அந்தாளு மறிச்சுக்கிட்டே நின்னா கம்பெனி எப்படி உன் கைக்கு வரும்?"

சின்ன நாக்கு கையிலிருந்த சுருட்டைத் தட்டில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சாவியைத் தேடினான்.

"ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சும்மா" என்றார் முதலாளி, யாரிடம் என்றில்லாமல். தலையை நிமிர்த்தியபோது எதிரே பெரியவரின் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒரு நிமிஷம்" என்றாள் அவள். "எனக்குக் காலைலேர்ந்து."